வைத்திய வண்டியை அனுப்புபவர் யார்?

படுவான்கரையில் ஒரு பாடசாலைக் கட்டடம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த இடம். ஒரு புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மரநிழலில் மக்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வாரம்தோறும் வரும் நடமாடும் வைத்திய வண்டி அன்று வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. மூன்றாம் புதன், நீரிழிவுக்கு மருந்து எடுத்துவந்த ஒரு வயோதிபத் தாய் என்னிடம் கேட்டார்: "வண்டி ஏன் வரல்ல எண்டு ஆரிட்டக் கேக்கிற சுவாமி?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வண்டிச் சாரதியை எனக்குத் தெரியும். மருந்து கட்டும் தாதியைத் தெரியும். ஆனால் வண்டியை அனுப்புவதா நிறுத்துவதா என்று முடிவு செய்பவர் யார் என்பது எனக்கும் தெரியாது, அங்கு இருந்த எவருக்கும் தெரியாது. அந்த நிறுவனத்தின் தலைமை வேறொரு திட்டத்துக்கு அந்தப் பணத்தை மாற்றிவிட்டது என்பதைப் பின்னர் அறிந்தோம். முடிவு எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மரத்தடியில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பாடம் அந்தத் தாயின் கேள்விக்கானது. எமக்கு வைத்தியம் செய்யும் தொண்டு நிறுவனங்களை நடத்துபவர்கள் யார்? அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? அந்த முடிவில் எமக்கு என்ன பங்கு உண்டு? குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இதை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசலாம்.

1. தலைமைக் குழு என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ள நாம் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. எமது வயல்வெளியைப் பார்ப்போம். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடி, எந்தத் திகதியில் விதைப்பது, குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை வட்டையில் நடைமுறைப்படுத்துபவர் வட்டவிதானை. வாய்க்காலை வெட்டித் துப்புரவு செய்பவர்கள் விவசாயிகள். தீர்மானிப்பவர், நடத்துபவர், வேலை செய்பவர் என்று மூன்று நிலை. எமது கோயில்களிலும் குடிக்கு ஒருவராக வண்ணக்கர்மார் கூடி முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. ஒருவரே எல்லாமாக இருந்தால் காரியம் கெடும் என்பதை எமது முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள்.

சுகாதாரத் தொண்டு நிறுவனமும் இவ்வாறே. மேலே ஓர் அறங்காவலர் சபை அல்லது பணிப்பாளர் சபை இருக்கும். நிறுவனம் எதற்காக இருக்கிறது, யாருக்குச் சேவை செய்யும், ஆண்டுக்கு எவ்வளவு செலவிடும் என்பவற்றை அது தீர்மானிக்கும். அதன் கீழ் நாளாந்தக் காரியங்களை நடத்தும் தலைமைக் குழு. பொதுவாக அதில் ஐந்து பொறுப்புகள் இருக்கும்.

ஒன்று, நிறைவேற்றுப் பணிப்பாளர். சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவரே. இரண்டு, வைத்தியப் பொறுப்பாளர். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை, அது தரமானதா என்பதைப் பார்ப்பவர். மூன்று, நிதிப் பொறுப்பாளர். நான்கு, ஆளணிப் பொறுப்பாளர். ஐந்து, களப் பொறுப்பாளர். வண்டி எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் போக வேண்டும் என்பதைப் பார்ப்பவர் இவர்.

இந்த ஐவரில் ஒருவர் பலவீனமானாலும் நோயாளிதான் பாதிக்கப்படுவார். நல்ல வைத்தியர் இருந்தும் கணக்கு ஒழுங்கில்லை என்றால் மருந்து முடிந்துவிடும். கணக்கு சரியாக இருந்தும் களம் தெரியாவிட்டால், வேளாண்மை வெட்டும் நாளில் வண்டி வந்து வெறுமையாகத் திரும்பிப் போகும். எலிக்காய்ச்சல் வயலில் நிற்பவனுக்கு வரும் நோய். வயல் வேலை எந்த மாதத்தில் என்பதைத் தெரியாத தலைமை அந்த நோயைத் தடுக்கத் திட்டம் போட முடியுமா?

2. மதுரையில் ஒரு தலைமைக் குழு

உண்மையான உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918ஆம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. வைத்தியராகி இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். கடுமையான மூட்டு வாதம் அவரைத் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே சிரமப்பட்டவர், பின்னர் கண் வைத்தியம் படித்து, அந்தக் கோணிய விரல்களாலேயே பல்லாயிரம் பேருக்குக் கண் சத்திரசிகிச்சை செய்தார். மதுரை அரசாங்க மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர் ஓய்ந்திருக்கவில்லை. அதே ஆண்டில் ஒரு தர்ம நிதியத்தை அமைத்து, மதுரையில் ஒரு வீட்டில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கடன் கிடைப்பது கடினமாக இருந்தது. வீட்டை ஈடு வைத்தார். உடன்பிறந்தவர்கள் நகைகளை அடகு வைத்தார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டியது அவர் அமைத்த குழுவை. அவருடைய தங்கை நாச்சியாரும் மைத்துனர் நம்பெருமாள்சாமியும் கண் வைத்தியர்கள். நாச்சியார் வைத்தியம் பார்த்ததோடு தாதியர் பயிற்சியையும் ஏற்றார். கிராமத்துப் பெண் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் வேண்டிய வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதனால் ஒரு வைத்தியர் ஒரு நாளில் பலமடங்கு சத்திரசிகிச்சைகளைச் செய்ய முடிந்தது. சகோதரர் கோ. சீனிவாசன் கட்டடங்களையும் பணத்தையும் பார்த்தார். நிர்வாகம் படித்த ஆர்.டி. துளசிராஜ் வைத்தியர் அல்லர். அவர் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

இதிலிருந்து முதல் பாடம்: தலைவர் எல்லா வேலையையும் தன் கையில் வைத்திருக்கவில்லை. வைத்தியம் வைத்தியரிடம், கணக்கு கணக்குத் தெரிந்தவரிடம், நிர்வாகம் நிர்வாகம் படித்தவரிடம். வைத்தியர் அல்லாதவரின் சொல்லுக்கும் அந்தக் குழுவில் மதிப்பு இருந்தது.

இரண்டாம் பாடம் பணத்தைப் பற்றியது. வசதி உள்ளவரிடம் கட்டணம் பெற்று, அந்த வருமானத்தால் இல்லாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை செய்தார்கள். வெளிநாட்டு உதவி வந்தால்தான் வாழலாம் என்ற நிலையில் நிறுவனம் நிற்கவில்லை. கண்ணுக்குள் வைக்கும் வில்லையை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. எனவே 1992இல் அவற்றைத் தாமே செய்ய ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு விலையின் சிறு பங்குக்கே வில்லை கிடைத்தது. உதவி கொடுப்பவரின் மனம் மாறும்போது வண்டி நின்றுவிடும் நிலை எமக்குத் தெரியும் அல்லவா? அந்த நிலையைத் தவிர்க்க ஒரு தலைமை இப்படியும் சிந்திக்கலாம்.

3. இலவசம் என்றாலும் ஏன் வரவில்லை?

மூன்றாம் பாடமே எமக்கு மிக முக்கியமானது. அரவிந்த் நிறுவனத்தார் கிராமங்களில் இலவசக் கண் முகாம்கள் நடத்தினார்கள். சத்திரசிகிச்சையும் இலவசம். ஆயினும் பார்வை மங்கிய பலர் வரவில்லை. நம்மில் பலர் இந்த இடத்தில், "இந்தச் சனத்துக்கு அறிவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று வீடு வீடாக விசாரித்தார்கள். பதில்கள் எளிமையானவை. பேருந்துக்குக் காசு இல்லை. மதுரைக்குப் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போய்விடும்.

சத்திரசிகிச்சை இலவசமாக இருந்தது. ஆனால் ஏழைக்கு அது இலவசமாக இருக்கவில்லை. எனவே போக்குவரத்தையும் உணவையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

அதன் பின்னும் ஒரு பெரிய உண்மை வெளிவந்தது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த இடங்களில் கண் குறையுள்ள வயதுவந்தோரில் நூற்றுக்கு 7 பேர் அளவிலேயே முகாமுக்கு வந்திருந்தனர் என்று காட்டியது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஆய்வை நடத்தியவர்களுள் ஒருவர் அதே நிறுவனத்தின் தலைமைக் குழுவைச் சேர்ந்த துளசிராஜ். தமது குறையைத் தாமே தேடிப் போய், கண்டதை மறைக்காமல் வெளியிட்டார்கள். முகாம் மட்டும் போதாது என்று விளங்கியதும், 2000ஆம் ஆண்டுகளில் சிறிய ஊர்களிலேயே நிரந்தரமான கண் நிலையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தூரத்து மருத்துவமனையிலுள்ள வைத்தியர் தொலைத்தொடர்பு மூலம் அதே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார்.

ஆண்டறிக்கையில் "இத்தனை முகாம் நடத்தினோம்" என்று எழுதுவது எளிது. "வர வேண்டியவர்களில் எத்தனை பேர் வரவில்லை" என்று எழுதுவது கடினம். அந்த இரண்டாவது கணக்கைப் பார்க்கும் தலைமையே நல்ல தலைமை.

குறையையும் சொல்ல வேண்டும். அரவிந்தின் தலைமை பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் தலைமை. வெங்கடசாமி 2006இல் காலமான பின் நம்பெருமாள்சாமியும், அவருக்குப் பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.டி. ரவீந்திரனும் தலைமையை ஏற்றார்கள். அங்கே அது நன்றாகவே நடந்தது. ஒருவரை ஒருவர் நம்பியதால் முடிவுகள் விரைவாக எடுக்கப்பட்டன. குடும்பமே முதலில் தியாகம் செய்தது. ஆனால் எல்லாக் குடும்பமும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தகப்பன், மகன், மருமகன் மூவரும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று அமர்ந்துகொண்டு, ஊர்ச் சொத்தை வீட்டுச் சொத்தாக்கிய கதைகளை நாம் கண்டிருக்கிறோம். நல்லவர்களை நம்புவது ஒரு காரியம். நல்லவர் இல்லாத காலத்திலும் தவறு நடக்காதபடி ஒழுங்கு வைப்பது வேறொரு காரியம்.

4. ஜாம்கெட்டில் இன்னொரு வழி

மகாராஷ்டிர மாநிலத்தில் ஜாம்கெட் என்ற வறண்ட பிரதேசம். 1970இல் ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற வைத்தியத் தம்பதியர் அங்கே பணியைத் தொடங்கினார்கள். இருவரும் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள்.

நோய்க்கு மருந்து கொடுக்கப் போனவர்களிடம் மக்கள் கேட்டது மருந்தை அல்ல, தண்ணீரையும் உணவையும். தலைமை அதைக் கேட்டது. கிணறுகள் தோண்டப்பட்டன. விவசாயிகள் மன்றங்கள் அமைந்தன. பெண்கள் மன்றங்களும் எழுந்தன. பயிர், கால்நடை, நிலத்து மண், குடிநீர், பிள்ளையின் எடை எல்லாம் ஒரே கூட்டத்தில் பேசப்பட்டன. வயலும் வயிறும் வேறு வேறல்ல என்பது விவசாயிக்குத் தெரியும். வைத்தியர்கள் அதை விவசாயியிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்.

முதலில் பயிற்சி பெற்ற தாதியரைக் கிராமங்களில் வைத்துப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. பின்னர் ஒவ்வொரு கிராமமும் தன் பெண்களில் ஒருவரைத் தெரிந்தெடுத்து அனுப்பியது. அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் பலர். வாரந்தோறும் ஜாம்கெட்டுக்கு வந்து கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். பிரசவம் பார்த்தார்கள், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு உப்பும் சீனியும் கலந்த நீர் கொடுக்கத் தாய்மாருக்குக் கற்பித்தார்கள், தொழுநோயும் காசநோயும் உள்ளவர்களைக் கண்டறிந்தார்கள். குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. 1979இல் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. மேபல் 1999இலும் ராஜ் 2011இலும் மறைந்தார்கள். அவர்களின் பின் மகள் சோபா பணியைத் தொடர்ந்தார்.

மதுரைக்கும் ஜாம்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மதுரையில் தலைமை மேலே திறமையாக இருந்து, கீழே உள்ளவரைத் தேடி வந்தது. ஜாம்கெட்டில் தலைமையின் ஒரு பங்கு கிராமத்திலேயே முளைத்தது. எந்தப் பெண்ணைத் தெரிவது என்ற அதிகாரம் ஊரின் கையில் இருந்தது. அந்த அதிகாரம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஊர் தெரிந்தெடுத்தவர் ஊருக்குப் பதில் சொல்வார். வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர் அனுப்பியவருக்கே பதில் சொல்வார்.

5. நாம் என்ன கேட்கலாம்?

"கொடுக்கிறவனிடம் கேள்வி கேட்கலாமா? கேட்டால் கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்களே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்தப் பயம் நியாயமற்றது அல்ல. பலமுறை இடம்பெயர்ந்து, நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். எமது பெயரையும் எமது துன்பத்தையும் காட்டியே அந்தப் பணம் திரட்டப்படுகிறது. எனவே கேட்பது பிச்சைக்காரன் சண்டை பிடிப்பதாகாது. பங்காளி கணக்குக் கேட்பதாகும்.

சட்டமும் எமக்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அரச திணைக்களங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. அரசிடமிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவலைப் பொறுத்தவரை, இச்சட்டத்துக்கு உட்பட்டவை. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் தகவல் அலுவலரிடம் வாயால் சொல்லியும் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

சட்டத்துக்குப் போகுமுன் நேரில் பணிவாகக் கேட்பதே முதல் வழி. கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பானவர் யார்? பெயர் என்ன, எங்கே இருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது?

இரண்டாவது, திட்டம் எந்த மாதம் வரை? முடியுமுன் எவ்வளவு காலத்துக்கு முன் எமக்கு அறிவிப்பீர்கள்? முடிந்த பின் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களை எந்த வைத்தியசாலையிடம் ஒப்படைப்பீர்கள்?

மூன்றாவது, நாளும் இடமும் குறிக்குமுன் எம்மிடம் கேட்பீர்களா?

நான்காவது, முடிவெடுக்கும் சபையில் இந்தப் பகுதியை அறிந்தவர், பெண்கள், விவசாயிகள் எவரேனும் இருக்கிறார்களா?

ஐந்தாவது, கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கின் சுருக்கத்தைத் தமிழில் எமக்குக் காட்டுவீர்களா?

முறைப்பாடு செய்ய விரும்பினால், அதைச் செய்தவருக்கு எதிராக எவரும் நடக்கமாட்டார்கள் என்ற உறுதியையும் கேளுங்கள். தனியாக ஒருவர் கேட்க வேண்டாம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, கடிதம் எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். திகதி இடுங்கள். பதில் வந்த நாளையும் குறித்துவையுங்கள்.

6. முதலில் எமது வீட்டைக் கூட்டுவோம்

பிறரிடம் கேட்கும் கேள்விகளை எமது குழுக்களிடமும் கேட்க வேண்டும். முகாமிலோ மீள்குடியேறிய ஊரிலோ ஒரு சுகாதாரக் குழு அமைக்கும்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? கூட்டத்துக்கு முதலில் வந்த நான்கு ஆண்கள், அல்லது நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர், பதவிகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் எடுப்பவரும் பிள்ளையை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவரும் பெண்கள். அவர்கள் கூட்டத்தின் பின்னால் நிற்கிறார்கள்.

இனி அமைக்கும் குழுவில் இந்த ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். தலைவரும் பொருளாளரும் ஒரே குடும்பத்தவராக இருக்க வேண்டாம். பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். மாதம் ஒருமுறை வரவு செலவைத் தாளில் எழுதி எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டுவோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதவிகளை மாற்றுவோம். ஒவ்வொரு பதவிக்கும் ஒருவரைப் பழக்கி வைப்போம். இடம்பெயர்ந்த வாழ்வில் யார் எங்கே போவார் என்று சொல்ல முடியாது. ஒருவர் போனதும் குழுவும் போய்விடக்கூடாது. கூட்டத்துக்கு வராத குடும்பங்களை ஒருவர் போய்ச் சந்தித்து, ஏன் வரவில்லை என்று கேட்கட்டும். மதுரையில் கற்ற பாடம் அதுதானே.

அந்த வயோதிபத் தாய்க்குப் பின்னர் ஊர்க்காரர்கள் முறைபோட்டு, மோட்டார் சைக்கிளில் வாவியைக் கடந்து போதனா வைத்தியசாலையிலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்த முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் மூன்று பெண்கள். அவர்களுக்குப் பதவி இல்லை. யாருக்கு எந்த மருந்து, எந்த நாளில் முடிகிறது என்பது ஒரு பாடசாலைக் கொப்பியில் இருந்தது. அந்த ஊரில் தலைமைக் குழு ஏற்கெனவே இருந்தது. நாங்கள்தான் அதை அப்படிப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பகுதியில் சேவை செய்யும் சுகாதார நிறுவனங்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் முடிவெடுப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

2. கடந்த ஓராண்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு சேவைக்கு நீங்கள் போகாமல் விட்டதுண்டா? காரணம் தூரமா, கூலியா, வேறெதுவுமா? அதை அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா?

3. ஜாம்கெட்டைப் போல உங்கள் ஊரிலிருந்து ஒரு சுகாதாரப் பணியாளரைத் தெரிவதென்றால் யாரைத் தெரிவீர்கள்? ஏன்?

4. உங்கள் ஊரில் பதவி இல்லாமல் தலைமை வகிப்பவர்கள் யார்? அடுத்த கூட்டத்தில் அவர்களை முன்வரிசைக்கு அழைக்க என்ன செய்யலாம்?